ஆர்டரில் கையெழுத்து யாருடையது? தாம்பரம் பக்கம் வேலை பார்க்கும் நர்சுகள் சங்கத்தில் சேர்வது எப்படி?

2025 டிசம்பரில் பணி நிரந்தரம் கேட்டு சென்னையில் போராடிய ஒப்பந்த செவிலியர்கள், போலீசார் அப்புறப்படுத்திய பிறகும் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் உட்கார்ந்து போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஊருக்குப் போக பஸ்சுக்கு நின்றவர்களில் பலர் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். "கவர்மென்ட் நர்சுங்கதானே, அப்புறம் ஏன் ரோட்டுல உட்கார்ந்திருக்காங்க?" என்ற கேள்வி அப்போது நிறைய பேருக்கு வந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்தில் இருந்து கூடுவாஞ்சேரி வரை உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் டூட்டி பார்க்கும் நர்சுகளுக்கு வரும் கேள்வி வேறு. "அவங்களுக்கு சங்கம் இருக்கு. நமக்கு யார் இருக்கா?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே காகிதத்தில் இருக்கிறது. அது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். அதில் கையெழுத்து போட்டது அரசா, ஒப்பந்த அடிப்படையில் எடுத்த திட்டமா, தனியார் நிர்வாகமா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு செவிலியர் எந்த சங்கத்தில் சேரலாம், அந்த சங்கம் அவருக்காக எதுவரை போகலாம், அவர் எதை இழக்க நேரிடலாம் என்பதெல்லாம் மாறுகிறது.

ஒரே வெள்ளை யூனிஃபார்ம், மூன்று வகை வேலை

தாம்பரம் ஏரியாவில் இந்த மூன்று வகையும் பக்கத்து பக்கத்திலேயே இருக்கின்றன. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே அதனால்தான் அந்தப் பெயர். குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தாம்பரம் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் தனி. இவை போக, பத்து படுக்கை நர்சிங் ஹோம் தொடங்கி பல மாடி மல்டி ஸ்பெஷாலிட்டி வரை தனியார் ஆஸ்பத்திரிகள்.

அரசு மருத்துவமனைக்குள் போனால், ஒரே வார்டில் காலமுறை ஊதியம் வாங்கும் நிரந்தர செவிலியரும், தொகுப்பூதியம் வாங்கும் ஒப்பந்த செவிலியரும் ஒரே வேலையைப் பார்ப்பதைப் பார்க்கலாம். நோயாளிக்கு இருவரும் "சிஸ்டர்"தான். சம்பளப் பட்டியலில்தான் வித்தியாசம் தெரியும்.

நிரந்தர செவிலியர் அரசு ஊழியர். அரசியல் சட்டத்தின் 19(1)(சி) பிரிவு எல்லா குடிமக்களுக்கும் சங்கம் அமைக்கும் உரிமையைத் தருகிறது, அரசு ஊழியருக்கும் அது உண்டு. அவர்கள் சங்கம் வைக்கலாம், துறை இயக்குநரிடம் மனு கொடுக்கலாம், வழக்கு போடலாம். ஆனால் வேலைநிறுத்தம் வேறு கதை. 1973-ம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அதைத் தடை செய்கின்றன.

2003 ஜூலையில் நடந்ததை மூத்த செவிலியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசு ஊழியர் – ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது அன்றைய ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டி.கே.ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று 2003 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. இந்தியா முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு பிறந்தது தமிழ்நாட்டில் இருந்துதான். அரசு செவிலியர் சங்கங்கள் பெரும்பாலும் கருப்பு பேட்ஜ், டூட்டி முடிந்த பிறகு ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம் என்ற வழிகளில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவுன்சில் வேறு, சங்கம் வேறு

பலரும் குழம்பும் இடம் இது. "நான்தான் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணியிருக்கேனே, அவங்க கேட்க மாட்டாங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க மாட்டார்கள், அது அவர்கள் வேலை இல்லை. நர்சிங் கவுன்சில் என்பது தகுதியைப் பதிவு செய்யும் அமைப்பு. சம்பளம் குறைந்தாலோ, ஆறு நைட் டூட்டி தொடர்ந்து போட்டாலோ கவுன்சில் வந்து நிர்வாகத்திடம் பேசாது.

1908-ல் இருந்து இயங்கும் இந்திய பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் இன்னொரு வகை. அது தொழில்முறை அமைப்பு. மாநாடு, பயிற்சி, கல்வி உதவி என்பது அதன் பாதை. ஆனால் தனியார் மருத்துவமனை நர்சுகளின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் இதே அமைப்புதான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

தொழிற்சங்கம் என்பது நிர்வாகத்துடன் பேரம் பேசுவதற்கென்று சட்டம் அங்கீகரித்த அமைப்பு. இந்தச் சட்டத்துக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்று சென்னை தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளர்களைத் தூண்டி நிறுவனத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தினார் என்று வாடியா மீது மில் நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு போட்டு தடையும் வாங்கியது. சங்கம் நடத்தினாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்ற அந்த நிலையை மாற்றத்தான் தொழிற்சங்க சட்டம் தேவைப்பட்டது. அது 1926-ல் வந்தது. சென்னை மாகாணத்தில் நர்சுகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் வந்ததும் அதே 1926-ல்தான்.

நூறு வருடம் கழித்து நிலைமை என்ன? இரண்டாவது சட்டம் தந்த பதிவு எண் ஒவ்வொரு நர்சிடமும் இருக்கிறது. முதல் சட்டம் தந்த உறுப்பினர் அட்டை மிகச் சிலரிடம்தான் இருக்கிறது.

ஒப்பந்த செவிலியர்: சங்கத்தால் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை?

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., போட்டித் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடம் முடிந்தால் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பில் பலர் தனியார் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு வருடம் முடிந்தது, நிரந்தரம் வரவில்லை.

2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டது அந்தக் கோபத்தில்தான். மாநிலம் முழுக்க இருந்து வந்து இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது, போராட்டம் முடிவுக்கு வந்தது. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. எம்.ஆர்.பி. செவிலியர் மேம்பாட்டு சங்கம் நீதிமன்றத்தில் தொடர்ந்து வழக்குகள் நடத்தியது, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் நிரந்தரம் ஆனார்கள், தொகுப்பூதியம் படிப்படியாக 18,000 ரூபாய்க்கு வந்தது.

கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்கள் கதை இன்னும் கசப்பானது. பி.பி.இ. கிட்டுக்குள் வியர்த்துக்கொண்டு வேலை பார்த்தபோது மாநிலமே கைதட்டியது. 2022 டிசம்பர் 31-உடன் 2,472 பேரின் பணி முடிவதாக அரசு சொன்னது. 2023 புத்தாண்டே அவர்களுக்குப் போராட்டத்தில்தான் பிறந்தது. மாவட்ட அளவிலான திட்டங்களில் 18,000 ரூபாய் சம்பளத்தில் மாற்றுப் பணி தருவதாக சுகாதாரத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் அறிவித்தார். அதுவும் தற்காலிகம்தானே என்று போராடியவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்தால், சங்கம் இருந்தும் பத்து வருடமாக இழுக்கிறதே என்று தோன்றும். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தெருவில் நடந்ததை மட்டும் வைத்து சங்கத்தை எடை போட முடியாது. மகப்பேறு விடுப்பை எடுத்துக்கொள்ளலாம். நிரந்தர செவிலியருக்குக் கிடைக்கும் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு, ஒப்பந்த செவிலியருக்கு மறுக்கப்பட்டு வந்தது. 25 வயதில் வேலைக்குச் சேர்ந்து, 30 வயதுக்குள் கல்யாணம், குழந்தை என்று போகிற பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதை எதிர்த்து எம்.ஆர்.பி. செவிலியர் மேம்பாட்டு சங்கம் தொடுத்த வழக்கில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் மகப்பேறு நலச் சட்டம்தான் மேலே நிற்கும், ஒப்பந்த செவிலியருக்கும் அந்தப் பலன் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது.

கைக்குழந்தையுடன் ஒரு நர்ஸ் தனியாக வக்கீல் வைத்து, ஃபீஸ் கட்டி, அரசுக்கு எதிராக இந்த வழக்கை நடத்தியிருக்க முடியுமா? முடிந்திருந்தாலும் மேலதிகாரியிடம் அவர் பெயர் மட்டும் தனியாகத் தெரிந்திருக்கும். சங்கத்தின் பெயரில் வழக்கு இருந்தால் அந்தப் பயம் இல்லை.

தனியார் ஆஸ்பத்திரி: பேசவே பயப்படுவது ஏன்?

தென்சென்னை புறநகரில் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளில் பலர் வெளியூர்க்காரர்கள். தென் மாவட்டங்களில் இருந்தும் கேரளாவில் இருந்தும் வந்து, ஆஸ்பத்திரி ஹாஸ்டலிலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள் உண்டு. வேலை போனால் அன்றைக்கே தங்கும் இடமும் போகும். சில இடங்களில் அசல் சான்றிதழை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. பாண்ட் முடியும் முன் போனால் பணம் கட்டு என்பார்கள். இத்தனையும் இருக்கும்போது "சங்கம்" என்ற வார்த்தையைச் சொல்லவே தயக்கம் வருவது இயல்பு.

2012-ல் அந்தத் தயக்கம் ஒரு தடவை உடைந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் கேரளாவில் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் தொடங்கி, அங்குள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் அலை அலையாக வேலைநிறுத்தம் நடந்தது. அதன் சூடு சென்னைக்கும் வந்தது. 2012 மார்ச்சில் நகரின் சில பெரிய தனியார் மருத்துவமனைகளில் நர்சுகள் வேலையை நிறுத்தினார்கள். சம்பள உயர்வும் பாண்ட் ஒழிப்பும்தான் முக்கிய கோரிக்கைகள்.

அதன் பிறகு இரண்டு மாநிலங்களின் பாதையும் பிரிந்தது. கேரளாவில் சங்கம் நிலையாக நின்றது, மறுபடி மறுபடி நெருக்கியது. 2018 ஏப்ரலில் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அந்த மாநில அரசே அறிவிப்பு வெளியிட்டது. சென்னையில் போராட்டம் முடிந்ததும் ஆங்காங்கே கலைந்தவர்களே அதிகம். அந்தந்த ஆஸ்பத்திரிக்குள் கொஞ்சம் சம்பளம் கூடியிருக்கலாம், அடுத்த பேட்ச் நர்சுகளுக்கு அது கை மாறவில்லை. கிளை என்ற ஒன்று ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு நடுவில், பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் போட்ட வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபுணர் குழு அமைக்கச் சொன்னது. குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்சுக்கு இணையான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம். 50-க்கும் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. இதைச் செயல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் வந்தது. பத்து வருடம் கழித்தும், சேலரி ஸ்லிப்பை எடுத்து இந்தக் கணக்குடன் ஒப்பிட்டால் பலருக்கும் பெருமூச்சுதான் மிச்சம்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1926 சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. பழைய அடிப்படைகள் பல அப்படியே தொடர்கின்றன. ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த ஏழு கையெழுத்து மட்டும் போதாது. அங்கே வேலை பார்க்கும் தொழிலாளர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அது எந்த நிலையிலும் ஏழுக்குக் குறையக்கூடாது.

உண்மையில் தாம்பரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நர்ஸ் இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டிய அவசியம் இல்லை. ஏற்கனவே பதிவான ஒரு சங்கத்தில் உறுப்பினராகி, அதன் ஏரியா கிளையில் சேர்ந்தால் போதும். ஆஸ்பத்திரி பெயரில் கிளை வைக்காமல் ஊர்ப் பெயரில் வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. 15 நர்சுகள் மட்டும் இருக்கும் இடத்தில் யார் சங்கத்தில் இருக்கிறார்கள் என்பது ஒரே நாளில் மேட்ரனுக்குத் தெரிந்துவிடும். பத்து ஆஸ்பத்திரி சேர்ந்த கிளையில் அது அவ்வளவு சுலபம் இல்லை.

நிர்வாகம் அங்கீகரிப்பது அடுத்த கட்டம். ஒரே நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீத தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கம்தான் ஒற்றைப் பேச்சுவார்த்தை சங்கம். யாருக்கும் 51 கிடைக்கவில்லை என்றால், 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழுவில் உட்காரும். 51 என்பது உயரமான படிதான். அது இல்லாமலும் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம், சமரச அதிகாரி முன் போகலாம்.

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு எடுப்பேன் என்று மிரட்டுவதும், அதற்காகவே டிரான்ஸ்ஃபர் போடுவதும் நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. கிளை நிர்வாகிகளில் சிலருக்கு பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் என்ற அந்தஸ்து கேட்டு வாங்கலாம். தகராறு நடக்கும் காலத்தில் அவர்களை முன் அனுமதி இல்லாமல் டிஸ்மிஸ் செய்ய முடியாது. எல்லாம் காகிதத்தில் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள்தான் கிளைச் செயலாளர்.

இரண்டு ஓட்டைகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வார்டு இன்சார்ஜ் மாதிரி மேற்பார்வைப் பொறுப்பில் இருந்து 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால், "இவர் தொழிலாளரே இல்லை" என்று நிர்வாகம் வாதாட இடம் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கும் ஸ்டாஃப் நர்சுக்கு இந்த சம்பள வரம்பு பொருந்தாது.

இரண்டாவது ஓட்டை டிரஸ்ட் ஆஸ்பத்திரிகள். 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகளையும் 'தொழில்' என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. புதிய சட்டத் தொகுப்பு, முழுமையாகவோ பெரும்பகுதியோ தர்ம சேவையில் இருக்கும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை வெளியே விட்டிருக்கிறது. போர்டில் 'டிரஸ்ட்' என்று எழுதியிருப்பதால் மட்டும் தப்பிவிட முடியாது, உண்மையிலேயே தர்மத்துக்கு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் சண்டை அந்தப் புள்ளியில் இருந்தே தொடங்கும் என்பதை டிரஸ்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டிரைக் என்றால்?

சங்கம் என்றாலே ஸ்டிரைக், ஸ்டிரைக் என்றாலே நோயாளி தவிப்பார் என்ற படம்தான் எல்லோர் மனதிலும் ஓடுகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் தனியார் ஆஸ்பத்திரியிலும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும், சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலையை நிறுத்தக்கூடாது. சட்டவிரோத ஸ்டிரைக்குக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

"அப்போ எல்லாரும் ஒரே நாள்ல லீவ் போட்டுடலாம்" என்ற யோசனை வாட்ஸ்அப் குரூப்பில் அடிக்கடி வரும். அது இப்போது ஆபத்து. 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவ் எடுத்தால், அதையும் ஸ்டிரைக் என்றே சட்டத் தொகுப்பு கணக்கில் எடுக்கிறது. குரூப்பில் ஒரு மெசேஜைப் பார்த்துவிட்டு லீவ் போட்ட புது நர்ஸ், தனக்கே தெரியாமல் சட்டவிரோத ஸ்டிரைக்கில் மாட்டிக்கொள்ளலாம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று இங்கே பொருந்தும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 1916-ல் தொடங்கியது. அந்த அமைப்பு தேசிய அளவில் பெரிய வேலைநிறுத்தம் செய்ய 2022 டிசம்பர் வரை ஆனது. அன்றைக்கும் அவசரப் பிரிவுகளில் ஆட்களை நிறுத்திவிட்டுத்தான் மற்றவர்கள் வெளியே வந்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்த அமைப்பு ஸ்டிரைக் இல்லாமலே இயங்கியிருக்கிறது.

கிளையில் நிஜமாக என்ன வேலை?

பெரும்பாலும் எழுத்து வேலை. யாருக்கு பி.எஃப். பிடித்தும் கட்டவில்லை, யாருக்கு இ.எஸ்.ஐ. அட்டை வரவில்லை, எந்த வார்டில் நைட் டூட்டியில் ஒரே ஆள் எத்தனை நோயாளியைப் பார்க்கிறார் என்று தேதி போட்டு குறித்து வைப்பது. பி.எஃப். மண்டல அலுவலகம் தாம்பரத்திலேயே இருக்கிறது, மனு கொடுக்க ராயப்பேட்டைக்கு ஓட வேண்டியதில்லை. மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் இருக்கும் தொழில்கள். அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். அந்தப் புதிய தொகை ஸ்லிப்பில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு கிளைக்கு வருடாந்திர வேலை.

புதிய சட்டத் தொகுப்புகளின்படி எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். வாய் வார்த்தையில் வேலைக்கு எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "நீங்க டிரெய்னிதானே" என்று சொல்வதை இது தடுக்கும், கடிதத்தைக் கேட்டு வாங்கினால்.

நோயாளியின் உறவினர் தாக்கிய சம்பவங்களிலும் கிளைக்கு வேலை இருக்கிறது. 2008-ம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் டாக்டருக்கு மட்டும் இல்லை, நர்சுக்கும் சேர்த்துத்தான். ஆஸ்பத்திரி பெயர் கெடும் என்று நிர்வாகமே புகார் கொடுக்கத் தயங்கும்போது, அடி வாங்கியவருடன் ஸ்டேஷனுக்குப் போக இரண்டு பேர் இருந்தால் அதுவே பெரிய தைரியம். பாலியல் தொல்லைப் புகாரும் அப்படித்தான். பத்து பேர் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ல் இருந்து சட்டம். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று எத்தனை ஆஸ்பத்திரிகளில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்பதைக் கிளை போய்ப் பார்க்கலாம்.

கூட்டம் போடுவதுதான் சிரமம். மூன்று ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்களை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார வைப்பது கல்யாணத்துக்குத் தேதி பார்ப்பதைவிடக் கஷ்டம். மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தை ஒட்டி, ஸ்டேஷன் பக்கத்தில், முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற கூட்டம்தான் நடக்கும். மாலை ஆறு மணிக்கு மூன்று மணி நேரம் பேசும் தலைவர்கள் இருந்தால் அடுத்த மாதம் யாரும் வர மாட்டார்கள்.

சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

முதலில் சங்கத்தின் பதிவு எண். சங்கம் என்ற பெயரில் லெட்டர்பேட் அடிப்பது சுலபம், பதிவு எண் வேறு விஷயம். சந்தா கட்டினால் ரசீது தருகிறார்களா, வருடத்துக்கு ஒரு தடவை வரவு செலவு கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கிறார்களா, கடைசியாக நிர்வாகிகள் தேர்தல் எப்போது நடந்தது என்பது அடுத்தது. கணக்கு கேட்டால் முகம் சுளிக்கும் சங்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

"கட்சி சங்கமா?" என்பது வீட்டில் வரும் முதல் கேள்வி. தமிழ்நாட்டில் பெரிய தொழிற்சங்கங்கள் பலவற்றுக்கு கட்சித் தொடர்பு இருப்பது ரகசியம் இல்லை. ஆனால் அரசியல் செலவுக்குச் சங்கம் தனி நிதிதான் வைக்க வேண்டும். அதற்குப் பணம் தர மறுத்தால் உறுப்பினராகச் சேர்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. இது சட்டத்திலேயே இருக்கிறது. நிர்வாகிகளில் வெளியாட்களுக்கும் வரம்பு உண்டு, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அது. வெளியாள் இருப்பது எப்போதும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. நிர்வாகத்திடம் சம்பளம் வாங்காதவர் எழுந்து நின்று பேசுவது வேறு மாதிரி இருக்கும். (பக்கத்து நாடான இலங்கையில் ஒரு நர்சுகள் சங்கத்துக்குத் தலைவராக இருப்பவர் முருத்தெட்டுவே ஆனந்த தேரர் என்ற புத்த பிக்கு.)

வெளிநாட்டு கனவு இருப்பவர்களுக்கு இன்னொரு பயம். "சங்கத்துல பேர் வந்தா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் தர மாட்டாங்க, அப்புறம் கல்ஃபும் போக முடியாது, யு.கே.யும் போக முடியாது." இந்தப் பயத்தை வெறும் வார்த்தையால் போக்க முடியாது, நடக்கக்கூடியதுதான். அனுபவச் சான்றிதழையும் அசல் சான்றிதழையும் நிர்வாகம் நிறுத்தி வைத்தால் அதைக் கேட்டு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, அத்தாட்சி வாங்கி, அடுத்த கட்டமாகத் தொழிலாளர் துறைக்கோ கோர்ட்டுக்கோ போவதுதான் வழி. வேலைக்குச் சேரும்போதே எல்லா சான்றிதழையும் ஸ்கேன் எடுத்து வைப்பதும், அசலைக் கொடுத்தால் கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்குவதும் பின்னால் கைகொடுக்கும். பல நர்சுகள் அந்த ஒரு வரியை வாங்காமல் விட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து ரிலீவிங் நாளில்தான் தேடுகிறார்கள்.